ஒட்டடை கலையாத நாற்காலி

பல் டாக்டர் வீட்டில் பேய்களுக்குக் குறைவில்லை. பழைய பேய்ப் படங்களில் வந்த சாமான்களைத் தேடித் தேடி வாங்குவதில் அவருக்கு அப்படியொரு பைத்தியம். கூடத்து ஒற்றை ஆள் சோபாவில் ஓர் எலும்புக்கூடு கால்மேல் கால் போட்டிருந்தது. உள்ளறையில் சாப்பாட்டு மேசையின் இரண்டு நாற்காலிகளிலும் மெழுகுப் பிணமும் சூனியக்காரி பொம்மையும் உட்கார்ந்திருந்தார்கள்.

"செத்தவங்களுக்கெல்லாம் இந்த வீட்டுல உக்கார இடமிருக்கு. உசுரோட இருக்கிற நான்தான் நின்னுக்கிட்டே சாப்பிடறேன்" என்பாள் மனைவி. காலை வேண்டுதலிலும் அவள் பொன்னோ பொருளோ கேட்பதில்லை. ஒரு நாற்காலிதான் கேட்பாள்.

கூடத்தின் நடுவே கயிறு கட்டிக் காத்த நாற்காலிதான் டாக்டரின் உயிர். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் பேய் உட்கார்ந்தது அதில்தான். படப்பிடிப்பில் பசையால் இழைத்த ஒட்டடை இன்னும் கலையவில்லை. அதற்காகவே 'சிறந்த சேகரிப்பாளர்' கோப்பையோடு சேகரிப்பாளர் சங்கத் தலைவர் வந்திருந்தார். ஊரார் வாயைப் பிளக்க வைக்கும் டாக்டர், இந்தக் கோப்பைக்காக வருஷக்கணக்கில் தானே வாய் பிளந்து காத்திருந்தார்.

லிப்ட் பழுது. கோப்பையை ஐந்து மாடி சுமந்து வந்தவர் தலைவரின் டிரைவர்.

தலைவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். "பிரமாதம்! ஒரு இழை அறுந்திருந்தாலும் கோப்பை கிடையாது, தெரியுமில்ல?"

"கண்ணு இருட்டுது சார்" என்று டிரைவர் சுவரைப் பிடித்தார். முகம் மெழுகுப் பிணத்தைவிட வெளுத்திருந்தது.

"ஓரமா நில்லுப்பா. எதையும் தொட்டுடாதே!"

மனைவி எலும்புக்கூட்டைப் பிடித்து இழுத்தாள். சோபாவோடு ஆணியடித்திருந்ததால் அது அசையவில்லை. டாக்டர் கோப்பையைப் பார்த்தார். டிரைவரின் நடுங்கும் முழங்காலைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்து, ஒட்டடையைத் தன் கையாலேயே வழித்தெறிந்தார்.

"உக்காருங்கண்ணே."

"ஐயையோ, அது பேய் உக்காந்த நாற்காலிய்யா!" என்று தலைவர் அலறினார்.

"பேய் உக்காந்தது போதும் சார். மனுஷன் கொஞ்சம் உக்காரட்டும்."

மனைவி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். தலைவருக்குக் கோபம் தலைக்கேறியது. "கோப்பை வாபஸ்! எடுத்துட்டு வாய்யா."

எழப்போன டிரைவரின் தோளை டாக்டர் அழுத்தினார். "அவர் இப்ப எழுந்திரிக்கக் கூடாது. டாக்டர் சொல்றேன்."

"நீங்க பல் டாக்டர்!"

"கால் நடுங்கறது தெரிய அது போதும் சார்."

தலைவர் கோப்பையைக் கட்டிக்கொண்டு தானே இறங்கினார். சற்று நேரத்தில் படிக்கட்டிலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"பாவம், அவருக்கும் வயசாச்சு" என்று டாக்டர் சூனியக்காரியைத் தரையில் இறக்கிவிட்டு, அதன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது மெழுகுப் பிணமும் தரையில் கிடந்தது. அதன் நாற்காலியில் சாய்ந்து, அவசரமே இல்லாமல் மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.