குவைத் பொம்மை

சுமித்ராவின் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அசந்து நின்றுவிடுவார்கள். திருப்பதியில் மூன்றாவது மாடியில் இருந்த அந்த வீட்டின் கூடத்தில் இரண்டு சுவர்களையும் கண்ணாடி அலமாரிகள் அடைத்திருந்தன. உள்ளே முந்நூறுக்கு மேல் பொம்மைகள். கொண்டபள்ளி மாட்டுவண்டிக்காரன், தஞ்சாவூர்த் தலையாட்டி, பழைய மாணவி ஒருத்தி ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அடுக்குப் பொம்மை என்று ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு கதை உண்டு. அரசுக் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறவள், பொம்மைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மணி போவது தெரியாது.

ஆனால் அவள் தேடிய பொம்மை மட்டும் அந்த அலமாரியில் இல்லை. ஒன்பது வயதில் குவைத்திலிருந்து சித்தப்பா வாங்கிவந்தது. ஒரு முழ உயரம், மஞ்சள் கவுன், நீலக் கண். படுக்கவைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும், நிமிர்த்தினால் திறக்கும். அதே மாதிரிப் பொம்மையை இணையத்தில் வருஷக்கணக்காகத் தேடினாள். ஒருமுறை ஜெர்மனியிலிருந்து ஒன்றை வரவழைத்தாள். கண்கள் பழுப்பாக இருந்தன. பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காமல் மூடிவைத்தாள்.

இரண்டு வருஷம் முன்னால் யூடியூப் சேனல்காரர்கள் வந்து அவளைப் படம் பிடித்தார்கள். இந்த ஆசை எப்படி வந்தது மேடம் என்று கேட்டதற்கு, "என் முதல் பொம்மையை எங்கள் வீட்டு வேலைக்காரியின் மகள் திருடிவிட்டாள். அந்த ஏக்கம்தான் இத்தனையும்" என்று சிரித்துக்கொண்டே தெலுங்கில் சொன்னாள். லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். பிறகு அவளே சொந்தமாக ஒரு சேனலும் தொடங்கினாள்.

அந்த மகளின் பெயர் பொன்னி. சுமித்ராவின் வயதுதான். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் சுமித்ராவின் அப்பா ஆதிநாராயணனுக்குப் பதினெட்டு ஏக்கர் நிலம் இருந்தது. பொன்னியின் அம்மா கமலம்மா அங்கே மாட்டுக் கொட்டகை வேலை பார்த்தாள். கொட்டகையைத் தாண்டி வீட்டுக்குள் வர அவர்களுக்கு அனுமதி இல்லை. சுமித்ராதான் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் பொம்மையைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பொன்னியின் மடியில் வைத்தாள். பொன்னி அதைப் படுக்கவைத்து எழுப்பி, படுக்கவைத்து எழுப்பி, கடைசியில் பாவாடையால் முகத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் பொம்மையைக் காணவில்லை. யார் தொட்டது என்று அப்பா கேட்டார். கொட்டகைக்குக் கொண்டுபோனது தெரிந்தால் அடி விழும் என்று சுமித்ராவுக்குப் பயம். "பொன்னி" என்றாள். பொன்னி திருப்பிக் கொடுத்ததைச் சொல்லவில்லை.

பொன்னியை வாசல் தென்னைமரத்தில் கட்டினார்கள். ஊர் கூடியது. ஆதிநாராயணன் மாட்டுச் சாட்டையை எடுத்துவரச் சொன்னபோது கமலம்மா ஓடிவந்து, "நானே கேக்கறேன் சாமி, நானே கேக்கறேன்" என்று சொல்லி மகளைத் தானே அடித்தாள். ஐயா அடிப்பதைவிடத் தான் அடிப்பது மேல் என்று நினைத்திருப்பாள். வெறும் கையால்தான் அடித்தாள். ஆனால் பொன்னியின் இடது காதிலிருந்து ரத்தம் வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை, ஐயா போதும் என்று சொல்லவில்லை என்பதால். அந்த மாதமே அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள்.

இதெல்லாம் சுமித்ராவுக்கு மறக்கவில்லை. ஆனால் வருஷம் போகப்போக, பொன்னி மறுபடி வந்து எடுத்திருப்பாள் என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். அப்படி நம்புவது சுலபமாக இருந்தது.

இந்த வருஷம் புது ரோட்டுக்காக ஊரில் இருந்த அந்தப் பழைய வீட்டை இடிக்க நோட்டீஸ் வந்தது. அண்ணன் ஹரிபாபு சாமான்களை ஒழிக்கக் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனாள். பரண்மேல் இருந்து ஆட்கள் ஒரு பித்தளை அண்டாவை இறக்கினார்கள். மூடியைத் திறந்தால் அம்மாவின் பழைய சுங்கடிப் புடவை. அதற்குள் பொடிப்பொடியாய் உதிர்ந்த வேப்பிலை. அதற்குள் மஞ்சள் கவுன்.

சுமித்ரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொம்மையைத் திருப்பிப் பாதத்தைப் பார்த்தாள். நீல மையில் அவளே எழுதிய 'சு' மங்கலாக இருந்தது. நிமிர்த்தினாள். கண்கள் திறந்தன.

அம்மா வெங்கடம்மா நாற்காலியில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயதுக்குக் கண்ணும் காதும் நன்றாகவே இருந்தன.

"அம்மா, இது எப்டி இங்க வந்துச்சு?"

வெங்கடம்மா ஒருமுறை பார்த்துவிட்டுப் புளியில் கைவைத்தாள். "நாந்தான் எடுத்து வெச்சேன். பரீட்சை வந்துக்கினு இருந்துது. நீ புக்கயே தொடாம அத்தக் கட்டிக்கினு கெடந்தே. முடிஞ்சதும் குடுக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள உங்க நைனா அந்தப் பொண்ண மரத்துல கட்டிப்புட்டாரு."

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இன்னான்னு சொல்றது? ஊரே நின்னு பாத்துக்கினு கீது. தப்பாக் கட்டிட்டேன்னு உங்க நைனா அதுங்க முன்னாடி தலகுனிஞ்சு நிக்கறதா?"

"அதுக்கு அப்புறமாவது? நாலு நாள் நான் அழுதேன்ல?"

"அழுதா இன்னா, பொம்மைக்குத்தானே அழுதே." அம்மா ஒரு கொட்டையை எடுத்து முறத்தில் போட்டாள். "அந்தப் பொண்ணுக்கு நீயும் அழல."

ஹரிபாபு இடையில் வந்து, "அதான் கெடச்சுதே, எடுத்துக்கினு போ. பழசையெல்லாம் எதுக்குக் கெளர்றே?" என்றான்.

அவளுக்கோ பொன்னியைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று தோன்றியது. காலனியில் இருந்த பொன்னியின் மாமா முனியப்பனைத் தேடிப்போய் நம்பர் வாங்கினாள். பொன்னி சித்தூருக்கு அந்தப்பக்கம் குடிபாலாவில் இருக்கிறாள், மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை, மகள் கீர்த்தி சித்தூரில் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று அவர் சொன்னார். எதற்குத் தேடுகிறாய் என்று கேட்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை சுமித்ரா பஸ் ஏறினாள். பையில் ஒரு பட்டுப்புடவை, ஒரு கிலோ மைசூர்பாகு, துணியில் சுற்றிய பொம்மை. வழியெல்லாம் யோசித்து முடிவு செய்திருந்தாள்: பொம்மையைப் பொன்னிக்கே கொடுத்துவிட வேண்டும். முப்பத்தேழு வருஷமாகத் தேடியதைக் கொடுப்பது சின்ன விஷயமா? அதை நினைத்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பொன்னியின் வீடு ஷீட் போட்ட இரண்டு அறை. ஒல்லியாக, தலை நரைத்து, சுமித்ராவைவிடப் பத்து வயது கூடினவளாகத் தெரிந்தாள். சுமித்ரா பெயரைச் சொன்னதும் வலது காதைத் திருப்பி மறுபடி கேட்டாள். பிறகு, "வாங்கம்மா" என்று பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

சுமித்ரா மைசூர்பாகை எடுத்துக் கீழே வைத்தாள். சுற்றி வளைக்கவில்லை. துணியைப் பிரித்துப் பொம்மையை மடியில் வைத்து நடந்ததைச் சொன்னாள். அம்மா ஒளித்துவைத்தது, பரண், அண்டா எல்லாம் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். பொன்னி அழவில்லை. பொம்மையை உற்றுப் பார்த்தாள், கையால் தொடவில்லை.

"நான் திருப்பிக் குடுத்தது ஞாபகம் கீதா உங்களுக்கு?"

"இருக்கு பொன்னி."

"அப்பவும் ஞாபகம் இருந்துதா? மரத்துல கட்டினாங்களே, அப்ப?"

சுமித்ரா ஆமென்று தலையை அசைத்தாள்.

பொன்னி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "எங்க அம்மா செத்து மூணு வருஷம் ஆவுது. வேலூர் ஆஸ்பத்திரில கடசி நாலு நாளு நான்தான் கூட இருந்தேன். மூச்சு வாங்கிக்கினே கேக்குது, 'இப்பவாவது நெசத்தச் சொல்லுடி, அந்தப் பொம்மைய எங்க வெச்சே?' எடுக்கவே இல்லம்மான்னு சொன்னேன். நம்பல. அது அடிச்ச அடிக்கு நான் திருடியிருந்தாத்தானே அதுக்கு நல்லது? இல்லன்னா சும்மானாச்சும் பெத்த பொண்ணு காத ஒடச்சுட்டோம்னு ஆய்டும் இல்ல? அப்டியே கண்ண மூடிடுச்சு." அவள் குரல் ஏறவே இல்லை. "மூணு வருஷம் முன்னாடி இது கெடச்சிருந்தா எங்க அம்மா கையில குடுத்திருப்பேன். இப்ப எனக்கு எதுக்கு?"

"உனக்கு என்ன செய்யணும் சொல்லு பொன்னி. என்ன வேணும்னாலும் செய்றேன்."

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். நீல யூனிஃபார்ம், டியூட்டிக்குக் கிளம்பும் கோலம். கீர்த்தி என்று சொல்லாமலே தெரிந்தது.

"மேடம், உங்க வீடியோவ நான் பாத்தேன்" என்றாள். "ஹாஸ்டல்ல எல்லாரோடயும் சேந்து பாத்தேன். பொம்மைங்க அழகா இருக்குதேன்னு அம்மாக்கு அனுப்பினதே நான்தான். வேலைக்காரி பொண்ணுன்னு நீங்க சொன்னது எங்க அம்மான்னு எனக்கு அப்பத் தெரியாது."

பையில் இருந்த புடவையை எடுக்கப் போன சுமித்ராவின் கை அங்கேயே நின்றது.

"இன்னா வேணும்னு கேட்டீங்க இல்ல?" என்றாள் பொன்னி. "வீடியோல அதே மாதிரி ஒக்காந்து சொல்லு. திருடினது கமலம்மா பொண்ணு இல்ல, எங்க அம்மா வெங்கடம்மா ஒளிச்சு வெச்சாங்க, அவ திருப்பிக் குடுத்தது எனக்குத் தெரிஞ்சும் நான் வாய மூடிக்கினு இருந்தேன்னு சொல்லு. பேரச் சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்."

'நீங்க' 'நீ' ஆனதைச் சுமித்ரா கவனித்தாள். "சொல்றேன்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். பொம்மையைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தபோது பொன்னி பழைய மரியாதைக்குத் திரும்பி, "ஸ்வீட்ட எடுத்துக்கினு போங்க" என்றாள்.

திருப்பதிக்குத் திரும்பியதும் மறுநாளே சுமித்ரா அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து ஃபோனைச் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். பெயர்களைச் சொன்னாள். அம்மாவின் பெயரைச் சொல்லும்போது குரல் தடுமாறியது. ஆனாலும் சொல்லி முடித்தாள். சேனலில் ஏற்றுவதற்கு முன்னால் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டதுதான் தப்பு.

ஹரிபாபு கத்தினான். மகள் தரணிக்குப் புத்தூரில் நல்ல சம்பந்தம் கூடிவந்திருக்கிறது, செத்துப்போன நைனாவையும் சாகப்போகிற அம்மாவையும் உலகமெல்லாம் காறித் துப்பணுமா என்றான். பிறகு அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்தான். வெங்கடம்மா கத்தவில்லை. "உனக்குத் தோணினதச் செய்" என்று மட்டும் சொன்னாள். அன்றும் மறுநாளும் அவள் சோறு தின்னவில்லை என்று அண்ணி தகவல் அனுப்பினாள்.

மூன்றாம் நாள் சுமித்ரா வேறொரு வீடியோ எடுத்தாள். பொம்மையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷம் எங்கள் வீட்டுப் பரணிலேயே இருந்திருக்கிறது. யாரோ மறதியாக வைத்துவிட்டார்கள்" என்றாள். படுக்கவைத்து, நிமிர்த்தி, கண் திறப்பதைக் காட்டினாள். இதைச் சேனலில் ஏற்றிவிட்டு, பெயர்களைச் சொன்ன வீடியோவை அழித்தாள். பாதியாவது சொல்லிவிட்டோமே, பரணில் இருந்தது என்றாலே யாரும் திருடவில்லை என்றுதானே அர்த்தம் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

இரண்டே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். இதயப் படமும் அழுகிற முகமுமாக வந்து குவிந்தன. உங்கள் அம்மாவைக் கும்பிட வேண்டும், எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே கீர்த்தி தெலுங்கில் ஒரே வரி எழுதியிருந்தாள்: "அப்படியானால் திருடியவள் என்று நீங்கள் சொன்ன பெண் யார் மேடம்?"

சுமித்ரா பதில் எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள். அதற்குள் எட்டு பேர் அந்தக் கேள்விக்கு லைக் போட்டிருந்தார்கள். அவள் கேள்வியை நீக்கினாள். ஒரு மணி நேரத்தில் அது திரும்ப வந்தது, எழுத்து மாறாமல். மறுபடி நீக்கினாள். அது மூன்றாம் முறை வந்தபோது, காலை ஒன்பதரை வகுப்புக்கு நேரமாகியிருந்தது. கமெண்ட் பகுதியையே மூடிவிட்டு, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு கல்லூரிக்குக் கிளம்பினாள்.