ஆறரை மணி ஊசி

1

இந்தக் கதையை நான் ஒரு கிளினிக்கில், காத்திருப்பவர்கள் இருக்கும் வாங்கிலிருந்து திருடினேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் சீனி வருத்தக்காரர்கள், அதாவது நீரிழிவுக்காரர்கள், போகும் கிளினிக், பெயர் வேண்டாம். காலை ஆறு மணிக்கே வெறும் வயிற்றோடு நூறு பேர் இருப்போம். எனக்கும் பதினொரு வருடமாகச் சீனி. பக்கத்தில் இருந்த அம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும், என் கையைத் தொட்டுக் கேட்டார்.

“தம்பி, நான் கொப்பி குடுத்தனானோ?”

“ஓம் அம்மா, இப்பத்தானே குடுத்தனீங்கள்.”

உண்மையில் நான் பார்க்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். பதினொரு மணிக்குக் கூட்டம் கலைந்தபோது பெயர் கூப்பிடக் கொடுக்க வேண்டிய அவருடைய கிளினிக் கொப்பி அவருடைய பைக்குள்ளேயே கிடந்தது. அந்த வெட்கத்தில் எழுதத் தொடங்கியதுதான் இது.

2

முதல் வரிக்கு மூன்று முறை முயன்றேன்.

“குருநகர்க் கடலில் வெயில் சாய்ந்த வேளையில்” (வேண்டாம், எல்லாக் கதையிலும் சாய்ந்தாயிற்று.)

“மனித மூளை தன் எரிபொருளாகச் சீனியை” (இது பாடப்புத்தகம்.)

“ஆமென் என்ற சொல் காதில் விழுந்தால் மரியரட்ணம் சட்டையைத் தூக்குவார்.”

இது நிற்கும். மரியரட்ணம் படகு என்ஜின் திருத்தியவர். சத்தத்தை வைத்தே எந்த என்ஜின், யாருடைய படகு என்று சொல்லிவிடுவார். இப்போது அறுபத்தெட்டு வயதில் தன் வீட்டுக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று மனைவியைக் கேட்கிறார். மனைவி லூர்த்தம்மா ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்குச் செபமாலை தொடங்குவாள். ஆறரைக்குக் கடைசி ஆமென். உடனே இன்சுலின் ஊசி, பிறகு சாப்பாடு. மூன்று வருடமாக இதே ஒழுங்கு. அவருக்குக் கிழமை மறந்தது, மகளின் பெயர் மறந்தது. உடம்பு மட்டும் ஆமெனை மறக்கவில்லை. சொல் கேட்டதும் சட்டையைத் தூக்கி வயிற்றுத் தசையை இரண்டு விரலால் பிடித்துக்கொடுப்பார். கோயிலில் பூசைக்கு நடுவிலும் அப்படிச் செய்திருக்கிறார். பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லூர்த்தம்மாவும் சிரித்தாள், வீட்டுக்கு வந்து அழுதாள்.

3

(கதைக்கு வெளியே ஒரு குறிப்பு. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.)

சீனி காலைத் தின்னும், கண்ணைத் தின்னும், சலக்காயை, அதுதான் சிறுநீரகத்தை, தின்னும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். விரல் எடுத்தவர், கால் எடுத்தவர் தெருவுக்கும் ஒழுங்கைக்கும் ஒருவர் இருக்கிறார். அது தலைக்கும் ஏறும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வருடக்கணக்காக இரத்தத்தில் கூடிக் கிடக்கும் சீனி, மூளைக்குப் போகும் மெல்லிய குழாய்களையும் கெடுக்கலாமாம். சீனிக்காரருக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடவாம். எல்லோருக்கும் வரும் என்றில்லை. அந்த “என்றில்லை”யைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்குகிறேன்.

லூர்த்தம்மாவுக்கும் சீனி உண்டு. அவளுக்கு ஊசி இல்லை, விழுங்கும் குளிசை மட்டும். கிளினிக்கில் தாதி மிஸ்ஸி கேட்டாள்:

“அம்மா, உங்கடை ஞாபகம் எப்பிடி?”

“எனக்கென்ன பிள்ளை, நான் நல்லா இருக்கிறன்.”

“ஊசி போட்டதோ இல்லையோ எண்டு சந்தேகம் வந்தால் போடாதேங்கோ. ரெண்டு தரம் போட்டால் சீனி இறங்கி ஆளே போயிடுவார்.”

லூர்த்தம்மா தலையாட்டினாள். தனக்குச் சந்தேகம் வருமென்று அவள் அன்று நினைக்கவில்லை.

4

சந்தேகம் இந்த வருட நவநாளோடு வந்தது. திருவிழாவுக்கு முந்திய ஒன்பது நாளும் கோயிலில் ஐந்து மணிக்கே செபமாலை தொடங்கிவிடும். ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கும். லூர்த்தம்மா குசினியில் அடுப்போடு நின்றபடி அதற்குப் பதில் சொல்வாள். ஆனால் வீட்டுச் செபமாலையை விட மனம் வராது. ஆறு மணிக்கு அதையும் சொல்வாள். இப்படி ஒரே மாலையில் இரண்டு செபமாலை, இரண்டு ஆமென். மூன்று வருடமாக ஒரு ஆமெனில் கட்டி வைத்திருந்த ஊசி அவிழ்ந்துபோயிற்று.

முதல் நாள் இரண்டாவது ஆமென் முடிந்ததும் ஊசியை எடுத்தாள். கை நின்றது. முதல் ஆமெனுக்கே போட்டுவிட்டேனா? மிஸ்ஸி சொன்னபடி போடாமல் விட்டாள். இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும், நாலாம் நாளும் அப்படித்தான். நாலாம் நாள் இரவு அவர் தண்ணீர் தண்ணீரென்று கேட்டார், பிறகு சுவரைப் பார்த்து ஒரு பழைய படகின் பெயரைக் கூப்பிட்டார்.

ஐந்தாம் நாள், இன்று. ஒலிபெருக்கியில் ஆமென் கேட்டது. மரியரட்ணம் சட்டையைத் தூக்கினார். [லூர்த்தம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு பிரிஜைத் திறந்து மருந்துக் குப்பியை எடுத்தாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். ஊசியில் இருபதாம் கோடு வரை இழுத்து, அவர் பக்கத்தில் குனிந்து,

இந்தப் பத்தியை வெட்ட வேண்டும். இவ்வளவு சீக்கிரம் போட்டுவிட்டால் கதை இல்லை. வெட்டுகிறேன்.]

5

வெட்டினேனா? இன்று காலை தாள்களை எடுத்தேன். நாலாம் பகுதியின் ஓரத்தில் “போட்டாச்சு” என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. எழுதிய நினைவு இல்லை. அது அவளுடைய ஊசியைப் பற்றியதா, நான் காலையில் போட வேண்டிய குளிசையைப் பற்றியதா என்றும் தெரியவில்லை. நான் தனியாக இருக்கிறவன். எனக்குப் பயமாக இருக்கிறது.

6

வீட்டுச் செபமாலையும் முடிந்தது. ஆறரை. லூர்த்தம்மா ஊசியோடு அவர் முன்னால் நிற்கிறாள். ஊசிகளை எண்ணிப் பார்க்க வழியில்லை, ஒரே ஊசியை மூன்று நாள் பாவிக்கிறவள் அவள். குப்பியில் மருந்து குறைந்தமாதிரியும் இருக்கிறது, குறையாதமாதிரியும் இருக்கிறது. வயிற்றில் பழைய குத்துக்கள் நிறைய. ஒன்றில் சிவப்பாக ஒரு பொட்டு. நுளம்பும் அப்படிக் கடிக்கும். விரலில் குத்திச் சீனி பார்த்தாள், முந்நூற்று முப்பது. ஒரு மணி நேரத்துக்கு முன் போட்டிருந்தாலும் அந்த எண்ணில் இன்னும் சரியாகத் தெரியாது.

“இஞ்சேருங்கோ, நான் உங்களுக்கு ஊசி போட்டனானே?”

“ஓம், போட்டனீ.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. போடேல்லையோ?”

“ஓம், போடேல்லை.”

அவள் நெற்றியைத் துடைத்தாள். அவர் குரலைத் தாழ்த்தி, குசினிப் பக்கம் கையைக் காட்டினார்.

“அவ போட்டவ.”

“ஆர்?”

“உன்னைப்போலை ஒரு மனிசி. இப்பத்தான் உள்ளை போனவ.”

லூர்த்தம்மா திரும்பிப் பார்த்தாள். குசினியில் யாருமில்லை. அடுப்பு மட்டும் குறைத்து வைத்தபடி எரிந்தது. அதைக் குறைத்தது எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

போட்டாள். அது இரண்டாவது ஊசியென்றால், சாப்பிட்டுப் படுத்தவர் வியர்த்து நனைந்து, கூப்பிட்டால்

போடவில்லை. உண்மையிலேயே போடாத ஐந்தாம் மாலை அதுவென்றால், விடியும்போது அவர் இவளைப் பார்த்து

நெல்லியடியில் இருக்கும் மகள் வசந்தினிக்குப் போன் எடுத்தாள். இதுதான் புத்தியான முடிவு. ஆனால் வசந்தினி போன மாதமே சொல்லிவிட்டாள்: “அம்மா, உங்களுக்கும் மறக்கத் தொடங்கினால் அப்பாவைச் சிஸ்டர்மாற்றை முதியோர் இல்லத்திலை விடுறதுதான்.” நாற்பத்தொரு வருடம் ஒரே கூரையில் இருந்தவர்கள். லூர்த்தம்மா போனைக் கையில் எடுத்து, மகளின் பெயர் வரை போய், திரும்ப

மூன்றையும் கிழித்துவிட்டேன். எந்த முடிவை எழுதினாலும் அதை அவருடைய உடம்பு தாங்க வேண்டும். என் ஞாபகத்தை நம்பி அந்த மனிதருடைய வயிற்றில் ஊசி ஏற்ற எனக்குத் தைரியமில்லை.

ஆனால் நீங்கள் முழுக்கக் கூட இருந்தீர்கள். அவளுக்கும் அது தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ஊசியைப் பிடித்தபடி உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

“பிள்ளை, நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள். நான் போட்டனானோ?”

பக்கத்தைப் புரட்டி மேலே போய்ப் பார்க்க வேண்டாம். அவளால் அப்படிப் போய்ப் பார்க்க முடியாது. ஞாபகத்தில் இருப்பதை வைத்துச் சொல்லுங்கள், நீங்கள் சொல்வதை அவள் நம்பிவிடுவாள்.