சந்தியில் நின்ற டிவிஷன்

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சமூக மண்டபத்தில் ஞாயிறுதோறும் சிலர் போர் விளையாட்டு விளையாடுவார்கள். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படைகள் வரைபடத்தின்மேல் மரக்கட்டைகளாக நகரும். ஒரு ஞாயிறு அன்புராசாவுக்கு முதல் தடவையாக ஒரு கோர் கிடைத்தது. கோர் என்பது தனியே நின்று ஒரு நாள் சமாளிக்கக்கூடிய படை. மூன்று காலாட்படை டிவிஷன்கள், குதிரைப்படை, பீரங்கி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

பேரரசராக விளையாடிய மரியரட்ணம் அடுத்த அறையில் இருந்தார். நேரே பேசக்கூடாது. தூதன் குதிரையில் வந்துசேரும் நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் நடுவர் வேரோனிக்கா கட்டளைகளைக் கொண்டுவருவாள். முதல் கட்டளை, சாலைகள் கூடும் சந்தியை விட்டு அசையக்கூடாது என்பது.

சற்று நேரத்தில் அவள் கதவைத் திறந்தாள். "கிழக்கில பீரங்கிச் சத்தம் பலமாக் கேக்குது."

இலங்கைப் போரில் கிளிநொச்சிப் பக்கம் இடம்பெயர்ந்த அன்புராசாவின் அக்காவிடமிருந்து மாதக்கணக்கில் செய்தி இல்லை. சுவருக்கு அப்பால் நடப்பது தெரியாமல் இருப்பதை, விளையாட்டில்கூட, அவனால் தாங்க முடியவில்லை.

"போவம் அண்ணை, அங்க எங்கட ஆக்கள் அடிவாங்கினம்," என்றாள் அவனுடைய துணை அதிகாரியாக விளையாடிய மக்டலீன்.

"சந்தி போனால் எல்லாருக்கும் திரும்பிற பாதை போயிடும். நீர் யோசிச்சுப் பாரும்."

"அப்ப என்ன செய்யிறது?"

அவன் கோரைப் பிரித்தான். இரண்டு டிவிஷன்களும் பீரங்கிகளும் கிழக்கே போயின. ஒரு டிவிஷனும் குதிரைப்படையும் சந்தியில் நின்றன. கோரைப் பிரித்ததைப் பேரரசருக்குச் சொல்ல ஒரு தூதனையும் அனுப்பினான்.

அதன் பிறகுதான் இரண்டாவது கட்டளை வந்தது: முழுக் கோரோடும் உடனே கிழக்கே வா. அதேவேளை வடக்குச் சாலையில் எதிரியின் கட்டைகளை வேரோனிக்கா வைத்தாள். கட்டளை வந்தும், சந்தியில் நின்றவர்களை அன்புராசா எடுக்கவில்லை.

மாலையில் கிழக்கில் எதிரி பின்வாங்கினான். சந்தி விழவில்லை. அங்கு நின்ற டிவிஷனில் மட்டும் இரண்டே கட்டைகள் மிஞ்சின.

மரியரட்ணம் சிவந்த முகத்தோடு வந்தார். "முழுக்க வரச் சொன்னனான் எல்லே?" என்றவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மெல்லக் கதிரையில் இருந்தார். "வடக்கால வந்தவங்களோ? கோரைப் பிரிச்சதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"ஆள் அனுப்பினனான், அண்ணை."

"அவன் வழியில பிடிபட்டிட்டான்," என்றாள் வேரோனிக்கா.

மற்றவர்கள் சிரித்தார்கள். அன்புராசாவுக்கு அக்காவின் ஞாபகம் வந்தது; சிரிப்பு வரவில்லை.