ஏழாம் அத்தியாயத்தின் ஒரு வரி

ஆர்மெல் கெர்வதெக் கடல்துறை அமைச்சராகிப் பதினோரு மாதம் ஆகியிருந்தபோது அந்தக் கோப்பு அவள் மேசைக்கு வந்தது. யாரும் குறிவைத்து அனுப்பியதல்ல. அமைச்சகத்தின் நிலவறையில் ஈரம் ஏறிவிட்டதால் பழைய காகிதங்களை வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஓர் அட்டையில் 'ஸ்தெரெத்' என்ற படகின் பெயரைப் பார்த்த எழுத்தர் ஒருத்தி, "மேடம் புத்தகத்துல வர்ற படகாச்சே, பார்த்தா சந்தோஷப்படுவாங்க" என்று மேலே அனுப்பிவிட்டாள்.

அந்தப் படகுதான் ஆர்மெலை ஆளாக்கியது. பிரான்சின் பிரிட்டனிக் கரையில் போர்-லான்வெக் என்ற சிறு துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவரின் மகள் அவள். இருபத்தேழு வயதில் உள்ளூர்ச் செய்தித்தாளில் நிருபராக இருந்தாள். 1981 பெப்ரவரியில் ஸ்தெரெத் ஐந்து பேரோடு புயலில் போயிற்று. கரைக்கு வந்தவை இரண்டு உடல்கள். மற்ற மூவருக்குக் கல்லறையில் பெயர் மட்டும்தான். அடுத்த வருடம் அதைப் பற்றி அவள் எழுதிய புத்தகம் நாடெங்கும் போயிற்று. பரிசு வந்தது, பள்ளிப் பாடத்திலும் ஒரு பகுதி சேர்ந்தது. அந்தப் பெயரை வைத்தே நகரமன்றம், மேயர் பதவி, மூன்று முறை நாடாளுமன்றம், கடைசியில் அமைச்சர். எந்த மேடையிலும் அவளை அறிமுகப்படுத்துகிறவர் சொல்வது ஒன்றுதான்: "செத்தவங்களுக்காகப் பேசினவர்."

அந்தப் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்தில்தான் படகுத் தலைவன் குல்வென் லகதெக் வருகிறான். முந்தின இரவு பத்து மணிக்கே கரையோர வானொலி புயல் எச்சரிக்கை சொன்னது, அதையும் மீறி விடியற்காலை நாலரைக்கு அவன் படகை எடுத்தான் என்று விசாரணைக் குழு எழுதியிருந்தது. அதை வைத்து ஆர்மெல் எழுதிய வரி பலருக்கு மனப்பாடம்: 'எச்சரிக்கையைக் கேட்டான். சிரித்தான். கயிற்றை அவிழ்த்தான்.'

இப்போது கோப்பின் நடுவில் பழுப்பேறிய ஒரு தாள் இருந்தது. வானொலி நிலையத்தில் அன்று பணியில் இருந்தவர் கையால் எழுதிய குறிப்பு. இரவு 9.50-க்கு ஒலிபரப்புக் கருவி பழுது. காலை 5.50-க்குச் சரிசெய்யப்பட்டது. முதல் புயல் எச்சரிக்கை, காலை 6.00. அதோடு குண்டூசியால் குத்தியிருந்த சீட்டில், மேலதிகாரி யாரோ எழுதியிருந்தார்: 'இதைக் குழுவின் முன் வைக்க வேண்டியதில்லை.'

ஆர்மெல் மூன்று முறை படித்தாள். முதலில் வந்தது, சொல்ல வெட்கம், ஒரு நிம்மதி. என்னையும்தானே ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அந்த நிம்மதி மதியம் வரைகூட நிற்கவில்லை. குழுவின் அறிக்கையில் நேரம்தான் இருந்தது. சிரிப்பு இல்லை. சிரிப்பை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. வரி நன்றாக விழ வேண்டும் என்று அவள் வைத்தது.

அவளுடைய அலுவலகத் தலைவர் வொசெல் தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், இது அப்படியே காப்பகத்துக்குப் போகட்டும். பல வருஷம் கழிச்சு யாராவது ஆராய்ச்சிக்காரன் எடுப்பான்."

"அதுக்குள்ள அந்தப் பொம்பளை செத்துப்போயிடுவா."

"எந்தப் பொம்பளை?"

"குல்வென் பொண்டாட்டி."

வொசெல் சற்று யோசித்தார். கெட்டவர் அல்ல. "புயல் எச்சரிக்கையைக் கேட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடாம எந்தப் படகும் கிளம்பக் கூடாதுன்னு நீங்க கொண்டுவந்த சட்டம், அந்தப் புத்தகத்தால வந்தது. எத்தனை பேர் பிழைச்சிருக்காங்க! அதை ஏன் நாமளே கெடுத்துக்கணும்?"

"பிழைச்சவங்க பிழைச்சாங்க, வொசெல். நான் பொய் எழுதினேன்கிறது அதனால மாறிடுமா?"

சனிக்கிழமை காரோ காவலோ இல்லாமல் ரயிலேறினாள். ரோசென் லகதெக்கின் வீடு தகர டப்பாவில் மீன் அடைக்கும் பழைய ஆலைக்குப் பின்னால். முப்பது வருடம் அதே ஆலையில் நின்று இரு கைகளிலும் விரல் வளைந்துபோன பெண். வாசலில் ஆர்மெலைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"வா. ஓட்டு கேக்க நீ இந்தத் தெருவுக்கு மட்டும் வந்ததே இல்லையே. வழி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

காபி வைத்தாள். ஆர்மெல் தாளின் நகலை மேசையில் வைத்து, நேரங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். ரோசென் தாளைத் தொடவில்லை.

"எச்சரிக்கை வரலேன்னு நான் அப்பவே சொன்னேன். எங்க அடுக்களை வானொலி ராத்திரி முழுக்கக் கரகரன்னுச்சு. குழுவுல ஒருத்தரும் எழுதிக்கல. சரி, அது அவங்க. சிரிச்சான்னு எழுதினியே, அதை உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா எழுதினேன்."

"அவனுக்கு அன்னிக்குக் கடவாப்பல்லு வலி. கன்னம் இந்த அளவுக்கு வீங்கியிருந்தது. கஞ்சியைக்கூட ஒரு பக்கமா உறிஞ்சிட்டுத்தான் போனான். வாயே திறக்க முடியாதவன் எப்படிடி சிரிப்பான்? ஒரு தடவை வந்து என்னைக் கேட்டிருக்கலாமே. எட்டு தெரு தள்ளித்தானே இருந்தே."

அப்போது ஆர்மெல் வராததற்குக் காரணம் பயம். அழுகிற பெண்ணின் முன்னால் உட்கார்ந்தால் புத்தகத்தின் கோபம் குறைந்துவிடும் என்ற பயம்.

"நாடாளுமன்றத்துல சொல்லப் போறேன். செவ்வாய்க்கிழமை" என்றாள்.

"அங்க சொல்லி எனக்கென்ன? பாரிஸ்ல ஒருத்தனும் என்னைப் பார்த்து எச்சில் துப்பல. என் பையன் பள்ளிக்கூடத்துல உன் புத்தகத்தை எழுந்து நின்னு சத்தமா படிச்சான். அவன் முறை வந்தது, படிச்சான். பதினேழு வயசுல ஊரை விட்டுப் போனவன் திரும்பவே இல்ல." ரோசென் கோப்பைகளை எடுத்தாள். "இங்க நாலு வீடு இருக்கு. அவங்க ஆம்பளைங்களை என் புருஷன் கொன்னுட்டான்னு இருபத்திரண்டு வருஷமா நம்பிக்கிட்டிருக்காங்க. அங்க போய்ச் சொல்லு. முதல்ல அங்க."

அன்று மாலையே போனாள். முதல் வீட்டில் விதவை கதடெல், தாளைப் படித்து முடித்து, கதவருகே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ரொட்டிக் கடையில அவ எதிர்ல வந்தா நான் தெருவைத் தாண்டிடுவேன்" என்று மட்டும் சொன்னாள். இரண்டாவது வீட்டில் கதவு திறந்து, பேச்சைக் கேட்டு, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. மூன்றாவது வீட்டில் இருந்தவர்கள் செத்துப்போனவனின் தங்கையும் அவள் கணவனும். அவன் ஆர்மெலை முற்றம் வரை திட்டிக்கொண்டே வந்தான்.

நாலாவது, பத்தொன்பது வயதில் போன பையனின் அப்பா தெனியெல். எண்பத்தாறு வயது. ஜன்னலோரம் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். காது மந்தம் என்பதால் ஆர்மெல் எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. 'நான்தான் கற்பனையா எழுதினேன்' என்பதை இரண்டு முறை கத்திச் சொன்னாள்.

கிழவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"மந்திரியம்மா, காலையில எந்திரிச்சா முதல்ல குல்வென்னைத் திட்டுவேன். அப்புறம்தான் முகம் கழுவுவேன். உன் புத்தகம்தான் எனக்குத் தெம்பு கொடுத்தது. இப்ப வந்து அவன் இல்லேங்கறே. நான் இனிமே யாரைத் திட்டறது? உன்னையா? கருவியையா?"

"என்னைத் திட்டுங்க."

"உன்னையா?" அவர் தலையை ஆட்டினார். "உன் அப்பன் நல்ல மனுஷன். போ, போ. இருட்டறதுக்குள்ள ரயிலைப் பிடி."

செவ்வாய்க்கிழமை பிற்பகல், மீன்பிடி அளவைப் பற்றி ஓர் உறுப்பினர் கேட்ட கேள்விக்கு எழுந்தவள், கையிலிருந்த பதிலைப் படிக்கவில்லை. தாளில் இருந்த நேரங்களைச் சொன்னாள். பிறகு, "அரசாங்கம் அவன் மேல ஒரு பொய் போட்டது. நான் ரெண்டாவதா ஒண்ணு போட்டேன். என்னுடையதைத்தான் பிள்ளைங்க மனப்பாடம் பண்ணாங்க" என்றாள். ஒதுக்கிய இரண்டு நிமிடம் முடிந்து ஒலிவாங்கி அணைந்தது. அதற்குப் பிறகும் குல்வென் லகதெக்கின் பெயரை அவள் சொன்னது முன்வரிசைக்கு மட்டும் கேட்டது.

பிரதமர் அலுவலகம் மாலைக்குள் பதவி விலகல் கடிதம் கேட்டது. வொசெல் எழுதித் தந்த கடிதத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்றிருந்ததை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். மறுநாள் செய்தித்தாள்கள் சில அவளைத் தைரியசாலி என்றன. பல, பொய்யில் வாழ்ந்தவள் என்றன. பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. திருத்தி எழுதித் தரச் சொன்னபோது அவள் மறுத்தாள். அடுத்த தேர்தலில் அவள் நிற்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பாரிஸில் சிறிய வீடொன்றில் தனியாக இருந்தாள். முதல் சில மாதம் விடிந்ததும் கோப்பு கொண்டுவரும் ஆள் வருவான் என்று உடுத்திக்கொண்டு காத்திருப்பாள். பதவி போனது பிறகுதான் நினைவு வரும்.

ரோசென் கடிதம் எழுதவில்லை. மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ ஒரு சொல்லும் வரவில்லை. ஆர்மெல் எதிர்பார்க்கவும் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் தபால் வரும் நேரம் தெருக்கதவுப் பக்கம் போய் நிற்பாள்.

பெப்ரவரி வந்தது. போர்-லான்வெக் தேவாலயத்தில் ஆண்டுதோறும் அந்தப் படகுக்காக ஒரு பூசை நடக்கும். இருபத்திரண்டு வருடமும் ரோசென் மட்டும் அதற்குப் போகாமல், தன் புருஷனுக்காகப் பக்கத்து ஊர்க் கோயிலில் தனியாக மெழுகுவர்த்தி ஏற்றிவந்தாள். இந்த முறை ஆர்மெலுக்கு அழைப்பு இல்லை. அவள் போகவுமில்லை. பதினொன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"நான்தான்" என்றது குரல். பின்னால் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தேவாலய வாசலில் யாருடைய கைபேசியிலிருந்தோ பேசுகிறாள் போல. "கதடெல் வந்து கூட்டிட்டுப் போனா. ஒரே பெஞ்சியில உக்காந்தோம். பாதிரியார் அஞ்சு பேரையும் சொன்னார். கிழவர் தெனியெல் மட்டும் வரல, முடியலையாம். பூ அனுப்பியிருக்கார்."

"பையன்?" என்றாள் ஆர்மெல்.

"இன்னும் பேசல. பார்க்கலாம்."

"சரி, எல்லாரும் நிக்கறாங்க, வைக்கறேன்" என்று சொல்லி ரோசென் வைத்துவிட்டாள்.