குப்பி திறக்கும் புதன்கிழமை

கட்டிங் மாஸ்டர் யார் வீட்டு வாசலிலும் எதையும் கேட்டு நின்றதில்லை. துணியோடு வருகிறவர்கள்தான் அவருடைய தையல் கடைப் படியேற வேண்டும்; அவர் யார் படியும் ஏற மாட்டார். அப்படிப்பட்டவர் இப்போது கழுத்தில் அளவு டேப்போடு தெருத்தெருவாகக் கைக்குழந்தை தேடிக்கொண்டிருந்தார். புதன்கிழமைக்குள் கிடைத்தாக வேண்டும்.

பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் காசநோய்த் தடுப்பூசி தீர்ந்திருந்தது. வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரிகளும் கையை விரித்தன. கடைசியில் சுகாதார நிலையத்துக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, மருமகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓடினார். இரண்டாவது தடவை போனபோதும் நர்ஸ் குளிர்பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு மறுபடி மூடினார்.

“மருந்து இருக்கு. ஆனா ஒரு பாப்பாவுக்காகக் குப்பியை உடைக்க முடியாது, ஐயா. ஒண்ணுல பத்துப் பிள்ளைங்களுக்காவது போடலாம். கலக்கிட்டா அன்னைக்கே முடிக்கணும், மிச்சத்தைக் கொட்டித்தான் ஆகணும். ஸ்டாக்கே அத்தி பூத்த மாதிரி வருது. புதன்கிழமை வாங்க, பிள்ளைங்க சேரட்டும்.”

“போன புதனும் இதைத்தானே சொன்னீங்க?”

“போன புதன் ரெண்டே பேருதான் வந்தாங்க. அதுக்கு நான் என்ன பிள்ளை பெத்தா குடுக்க முடியும்?”

மாஸ்டர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். “பிள்ளைங்களை நான் கொண்டாரேன். நீங்க குப்பியோட தயாரா இருங்க.”

கடைக்கு மேலேதான் வீடு. மாடிப்படியில் பாதி ஏறியதும் மருமகள் நின்றாள்.

“சின்ன மாமா விஷயத்தையும் சிஸ்டர்கிட்ட சொல்லியிருக்கலாம், மாமா.”

“மெதுவா பேசும்மா.”

“எவ்வளவு மெதுவா பேசினாலும் அவர் இருமல் சத்தமாத்தானே கேக்குது?”

அவருடைய தம்பி வெளியூர் வேலையை விட்டுவிட்டு வந்தபோது, ஹேங்கரில் மாட்டிய சட்டை மாதிரி தோளும் எலும்புமாக வந்தான். இருமல் இருந்தது. பயணக் களைப்பு என்று நினைத்தார்கள். பேத்தி பிறந்த பூரிப்பில் அவன்தான் எந்நேரமும் அவளை மார்பில் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒரு நாள் கைக்குட்டையில் ரத்தம். மாஸ்டர் அவனைத் தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதிக்க வைத்தார். காசநோய். மாத்திரை தொடங்கி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நோய் தெரிந்த அன்றைக்கே, தம்பி படுக்கும் பின்னறையின் ஜன்னலைத் திருகாணி போட்டு மூடினார். அந்த ஜன்னல் பின்பக்கத் தெருவைப் பார்த்தது. கேட்டவர்களிடம், “துணித் தூசி அவனுக்கு ஒத்துக்கல” என்றார். தெருவில் இருக்கிற பாதிப் பிள்ளைகள் அவர் தைத்த பள்ளிச் சீருடையைத்தான் போடுகிறார்கள். விஷயம் வெளியே போனால் அந்தச் சட்டையை எந்தத் தாய் தன் பிள்ளைக்குப் போட்டுவிடுவாள்? அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டைப் பார்த்து யாரும் மூக்கைப் பொத்தியதில்லை. இனியும் பொத்தக் கூடாது.

“ஊசி போட்டாச்சுன்னா பிள்ளைக்குப் பயமில்லை. அப்புறம் யார்கிட்டயும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. என்ன சொல்ற?” என்றார்.

மருமகள் குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவள் அப்படிப் பார்ப்பது எத்தனையாவது முறை என்று அவருக்கே தெரியவில்லை.

“கொஞ்சம் சுடற மாதிரி இருக்கு, மாமா.”

“வெயில்ல வந்தோம்ல.”

சொன்னாரே தவிர, அவரும் தொட்டுப் பார்த்தார். சுடுகிறதா இல்லையா என்று தெரியவில்லை. அவருடைய விரல்களே சில்லிட்டிருந்தன.

தேடலில் முதலில் அகப்பட்டவர் தண்ணீர் கேன் போடுகிறவர். அவருக்கு இரட்டைக் குழந்தைகள்.

“என்ன மாஸ்டர், பிறக்கும்போதே யூனிஃபார்முக்கு அளவா?”

“விளையாடாதய்யா. ரெண்டு பேருக்கும் அந்த ஊசி போட்டாச்சா?”

“எங்க! மூணு தடவை அலைஞ்சேன். மருந்து இல்லைன்னுட்டாங்க. அப்புறம் வேலையில மறந்துட்டேன்.”

“புதன்கிழமை காலையில தயாரா இரு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

பேக்கரிக்காரர் மனைவி அவ்வளவு சுலபத்தில் சம்மதிக்கவில்லை. மடியில் மகனை வைத்துக்கொண்டு, “எங்க அக்கா பிள்ளைக்குப் போட்ட இடத்துல புண்ணு வந்து சீழ் வச்சிருச்சு. அதைப் பாத்ததிலிருந்து எனக்கு ஈரக்குலையே நடுங்குது” என்றாள்.

“அது அப்படித்தாம்மா வரும், தானா ஆறிடும். கை அளவெடுக்கறப்போ பாக்கறேனே, ஊர்ல பாதிப் பேருக்கு இடது தோள்ல அந்தத் தழும்பு இருக்கு. எல்லாரும் நல்லாத்தான் நடமாடுறாங்க. சந்தேகம்னா சிஸ்டர்கிட்டயே கேளு.”

“நீங்களே இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்க. வராம இருப்பேனா?” என்று எழுந்து நின்றாள். அந்த மரியாதை அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

புதன்கிழமை காலை அவர் ஒரு ஊர்வலத்தையே நடத்திக்கொண்டு போனார். பெஞ்சு நிறைந்து, மிச்சம் பேர் சுவரோரம் நின்றார்கள். நர்ஸ் சிரித்துவிட்டார்.

“சொன்ன மாதிரியே கொண்டாந்துட்டீங்களே, ஐயா! இன்னைக்குக் குப்பி திறந்திரலாம்.”

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது நீடிக்கவில்லை.

மருந்தைக் கலக்கும் முன்னால் நர்ஸ் ஒவ்வொரு தாயிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். “வீட்ல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்கா? டி.பி.க்கு மருந்து சாப்பிடுறவங்க இருக்காங்களா?”

இல்லை. இல்லை. இல்லவே இல்லை, சிஸ்டர்.

மாஸ்டர் மருமகள் பக்கம் குனிந்தார். “இல்லைன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.”

அவள் நிமிரவில்லை. குழந்தையின் கால் விரல்களைத் துணிக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“அதை எதுக்கு சிஸ்டர் கேக்கறீங்க? அதுக்குத்தானே ஊசியே போடுறோம்?” என்றாள் பேக்கரிக்காரர் மனைவி.

“கிருமி உள்ள போறதுக்கு முன்னாடி போட்டாத்தான் இது காவல். ஏற்கனவே உள்ள போயிருந்தா இந்த ஊசி அதை ஒண்ணும் பண்ணாது. பச்சைப் பிள்ளைக்கு அது மூளை வரைக்கும் போயிடும். அதுக்கு வேற மருந்து இருக்கு. ஊசி போட்டாச்சேன்னு சும்மா இருந்துட்டாத்தான் ஆபத்து.”

மாஸ்டரின் கை கழுத்து டேப்பை இறுகப் பிடித்தது. சும்மா இருந்துவிடத்தானே இத்தனை வாசல் ஏறி இறங்கினார்?

நர்ஸ் அவர்கள் முன்னால் வந்து நின்றார். “உங்க வீட்ல, அம்மா?”

மருமகள் தலையை மட்டும் தூக்கி மாமனாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. பொய்யை அவரே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்ட பார்வை.

“இருக்கு” என்றார் மாஸ்டர்.

குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. சுவரோரம் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள்.

“என் தம்பி. டி.பி. இப்பத்தான் மாத்திரை ஆரம்பிச்சிருக்கான். அதுக்கு முன்னால பிள்ளையை அவன்தான் தூக்கி வச்சிருந்தான்.”

பேக்கரிக்காரர் மனைவி மகனை இறுக்கிக்கொண்டு பெஞ்சில் நகர்ந்தாள். கொஞ்சமாகத்தான் நகர்ந்தாள். தையல்காரர் கண்ணுக்கு அந்த இடைவெளி டேப் வைக்காமலே தெரிந்தது.

நர்ஸ் மட்டும் நகரவில்லை. “இதை ஏன் முதல் நாளே சொல்லல?” என்று கேட்டார். பிறகு குரலைத் தணித்தார். “இந்தப் பாப்பாவுக்கு இன்னைக்கு ஊசி வேண்டாம். முதல்ல டாக்டர் பாக்கணும். நோய் ஒட்டலைன்னா, இனி வராம இருக்கத் தினம் மருந்து குடுப்பாங்க, மாசக்கணக்குல. அது முடிஞ்சப்புறம்தான் இந்த ஊசி. வீட்ல எல்லாரையும் பரிசோதிக்கணும். தம்பி இருக்கிற அறையில காத்து வருதா?”

மாஸ்டர் இல்லையென்று தலையசைத்தார்.

“ஜன்னல் இருந்தா திறந்து வைங்க. அடைச்சு வச்சாத்தான் வீட்டுக்குள்ளயே சுத்தும்.”

குப்பி திறக்கப்பட்டது. இரட்டையரில் ஒன்று வீரிட, மற்றது ஊசி படும் முன்னாலேயே சேர்ந்துகொண்டது. அவர் சேர்த்துக்கொண்டு வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தோளில் சின்னக் கொப்புளத்தோடு வெளியே போனார்கள். அவருடைய பேத்தி மட்டும் டாக்டர் அறை வாசலில் காத்திருந்தாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், எடை பார்த்தார், எக்ஸ்ரே படம் எடுக்க எழுதிக் கொடுத்தார். முடிவு வரும் வரை எதுவும் சொல்வதற்கில்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் தையல் மெஷின் டிராயரிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். தம்பி எழுந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, வேண்டாம். தெருவுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். வாயை மூடிட்டு இருமு, ஜன்னலை மூடிட்டு இருமாதே.”

கடைசித் திருகாணி துருவேறி அடம்பிடித்தது. கதவு விரிந்ததும் வெளிச்சமும் தெருச் சத்தமும் ஒன்றாக உள்ளே விழுந்தன. தம்பிக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் இருமினான். கீழே தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்த இரட்டையரின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டர் ஜன்னலை விட்டு விலகவில்லை. தலையை மட்டும் அசைத்தார். அவரும் ஒரு நொடி யோசித்துவிட்டுப் பதிலுக்கு அசைத்தார்.

முன்னறையில் குழந்தை களுக்கென்று ஒரு சத்தம் போட்டது. திருப்புளி மாஸ்டர் கையிலிருந்து நழுவியது. தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

“தும்மல்தான், மாமா,” மருமகள் அங்கிருந்து சொன்னாள். சற்று நேரம் கழித்து, தனக்கே சொல்லிக்கொள்வது போல மறுபடியும் சொன்னாள், “தும்மல்தான்.”