உப்புக் கொட்ட ஓர் இடம்

கார்சன் ஆறு மணிக்கு எழுந்தான். காபி போட்டான். நாய்க்குத் தீனி வைத்தான். முட்டை பொரித்து நின்றபடியே தின்றுவிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்தான். பூட்ஸை உதறி மாட்டிக்கொண்டான். மனைவி ஷெல்பி செத்த பிறகு நான்கு மாதமாக இப்படித்தான். ஒருநாள்கூட முட்டை தீயவில்லை.

வாசலில் ஹாரன். ஷெல்பியின் அண்ணன் டாரல். அவன் பிக்கப் வண்டியின் பின்னால், காட்டு மான்கள் நக்குவதற்கான தாது உப்பு மூட்டை.

“ஏறு மாப்ளே. மானுக்குக் கொம்பு முளைக்கிற நேரம். நீ மூஞ்சி கழுவி முடிக்கறதுக்குள்ள முளைச்சு விழுந்தே போயிரும்.”

வழியில் சொன்னான்: “கல்லறைக்கல் செதுக்கறவன் காலையிலயே போன் பண்ணுவான். ‘அமைதியாகப் போகிறேன்.’ அவ கடைசியாச் சொன்னதையே போடணும்னு அம்மா பிடிவாதம். நீ சரின்னா போதும்.”

கார்சன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சாவு வீட்டில் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டபோது அவனாக அவிழ்த்துவிட்டது அது. ஷெல்பி சர்ச்சுக்கே கதவை உதைத்துக்கொண்டுதான் போவாள். இனி அந்தப் பொய் கருங்கல்லில் ஏறிவிடும்.

டாரல் ஓடைக்கரையில் நிறுத்தினான்.

“உன் இடம் மாப்ளே. காலேஜ் படிச்சவரு மேப்பு போட்டுக் கண்டுபிடிச்சது. போன வருஷம் ஒரே மழையில அத்தனை உப்பும் கரைஞ்சு பக்கத்து நிலத்துக்கார ஹோபர்ட்கிட்டப் போச்சு, மானும் பின்னாலயே போச்சு. எட்டுக் கிளைக் கொம்பு மானைச் சுட்டுட்டு நமக்கு நன்றி வேற சொன்னான், படுபாவி.”

“இங்க வேணாம் மச்சான்.”

“அப்ப ரோட்டோரம் கொட்டுவோம். வண்டியில உக்காந்தே பாக்கலாம்.”

“ஊரே உக்காந்து பாக்கும்.”

கார்சன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிழக்குச் சரிவில் ஏறினான். மான் படுக்கும் புதருக்கும் ஓடைக்கும் நடுவே, நிழலில், மக்கிப்போன ஓக் மரக்கட்டை. மழை பெய்தால் உப்பைக் கட்டை குடித்துக்கொள்ளும், கீழே விடாது. மூட்டையைக் கிழித்துக் கொட்டினான்.

டாரல் மூச்சு வாங்க வந்து நின்றான். “இதை யாரு சொன்னா? உனக்கு இவ்வளவு மூளை கிடையாதே.”

“ஷெல்பி.”

“எப்ப?”

“ஆஸ்பத்திரியில. மூக்குக் குழாயப் பிடுங்கிட்டுச் சொன்னா. அப்புறம் பேசல.”

டாரல் தொப்பியைக் கழற்றினான். “அப்ப அந்த அமைதி?”

“நான் விட்ட கதை.”

டாரலின் தோள் குலுங்கியது, சிரிப்புத்தான். “அதான பாத்தேன். அவளுக்கும் அமைதிக்கும் என்னடா சம்பந்தம்?”

போன் அடித்தது. கல் செதுக்குபவர். டாரல் ஸ்பீக்கரில் போட்டு நீட்டினான். “உள்ளதைச் சொல்லு மாப்ளே. அம்மாவ நான் பாத்துக்கறேன்.”

“எழுதிக்குங்க, ஷெல்பி கடைசியாச் சொன்னது,” என்றான் கார்சன்.

“ஓடைக்கரையில கொட்டாதடா, படிச்ச கழுதை. மக்குன கட்டையில கொட்டு.”