அடைப்பெடுத்த நாள்

வழிபாட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு வாராவாரம் வகுப்பெடுத்து வந்தவள் ஒரு தையல்காரி. இந்தப் பூமி கடவுள் நமக்கு உடுத்தக் கொடுத்த இரவல் துணி, கறைபடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தன் தொழில் வாடையோடு சொல்லிக்கொடுப்பாள். ஒரு நாள் அவளுடைய அக்கா மகள் எழுந்து, கூடத்துக்குப் பின்னால் ஓடை நாறிக் கிடக்கிறதே, அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டாள். பதின்மூன்று வயது, வாய் ஓயாது. சில்வண்டு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சித்தியால் மழுப்ப முடியவில்லை.

அடுத்த வாரம் கையுறையும் சாக்குமாக எல்லாரும் ஓடையில் இறங்கினார்கள். தண்ணீர் கணுக்கால் அளவுதான். சாலைக்கு அடியில் போகும் பெரிய சிமெண்ட் குழாயின், தண்ணீர் நுழையும் அந்தப் பக்கத்து வாயைப் பழைய மெத்தை ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. குழாய்க்குள் மட்டும் யாரும் போகக் கூடாது என்று தையல்காரி படித்துப் படித்துச் சொன்னாள். ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் மழைநீர் குளமாகத் தேங்கி நிற்பதை அவள் போய்ப் பார்க்கவில்லை.

சின்னவள் ஒருத்தி கண்ணாடித் துண்டில் விரலைக் கிழித்துக்கொண்டாள். தையல்காரி குனிந்து கட்டுப் போட்டு நிமிர்ந்தபோது சில்வண்டைக் காணவில்லை. குழாய்க்குள்ளிருந்து, "சித்தி, மெத்தை அசையுது" என்று குரல் வந்தது.

அப்புறம் ஒரு உறுமல்.

"எல்லாரும் கரைக்கு ஏறுங்க" என்று தையல்காரி கத்தினாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. கறுப்புத் தண்ணீர் புட்டிகளையும் பைகளையும் வாரிக்கொண்டு குழாயிலிருந்து பீறிட்டது. அதோடு சில்வண்டும் வந்தாள். ஆனால் முழுதாக வெளியே வரவில்லை. குழாய் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் பாவாடை மாட்டிக்கொள்ள, தண்ணீர் அவள் தலையை அமுக்கியது.

தையல்காரிக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் கால் தானாக இறங்கியது. மார்பளவுத் தண்ணீரில் தட்டுத்தடுமாறிப் போய்ப் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். கிழியவில்லை. அவளே தைத்த பாவாடை. ஓடியாடும் பிள்ளை என்று இரட்டைத் தையல் போட்டிருந்தாள். அந்தத் தையலைத் திட்டிக்கொண்டே இடுப்பைத் தடவினாள். கொக்கி கைக்குக் கிடைத்தது. கழற்றினாள். பாவாடை கம்பியோடு நிற்க, பிள்ளை வழுக்கிக்கொண்டு கையோடு வந்தாள்.

கரையில் போட்டதும் அவள் அசையவில்லை. முதுகில் தட்டியபடி தையல்காரி வேண்டிக்கொள்ளப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. கடைசியில் சில்வண்டு தண்ணீரைக் கக்கி இருமினாள்.

"நான்தான் இழுத்தேன் சித்தி. வேற யாரும் இல்ல" என்றாள் நடுங்கிக்கொண்டே.

மணிக்கட்டு முறிந்திருந்தது. மருத்துவமனைக்கு வந்த அக்கா சத்தம் போடவில்லை. "நீ இருக்கேன்னுதானே அனுப்புனேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்குக் கன்னத்தில் நாலு அறை வாங்கியிருக்கலாம் என்றிருந்தது தங்கைக்கு.

வகுப்பை விட்டுவிடுவதாகச் சொல்லத்தான் அடுத்த வழிபாட்டில் எழுந்து நின்றாள். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"அந்த மெத்தையப் போட்டது பெரியவங்க. எடுக்கப் போனது குழந்தைங்க. அனுப்பி வெச்சது நான். அடைப்ப நாமதான் எடுத்திருக்கணும். இனிமே பெரியவங்க இறங்கினா மட்டுந்தான் பிள்ளைங்கள அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போவேன்."

பின்வரிசையில் இருந்த கொத்தனார் ஒருவர் எழுந்து, தன்னிடம் நல்ல கயிறு இருக்கிறது என்றார்.

அந்த வாரக் கடைசியில் கொத்தனாரும் ஒரு பஸ் டிரைவரும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, குழாயில் மிச்சமிருந்த அடைப்பை எடுக்க இறங்கினார்கள். பிள்ளைகள் மேட்டில் உட்கார்ந்து குப்பையைப் பிரித்தார்கள். அக்காவும் வந்திருந்தாள், மகளின் நல்ல கையை ஒரு நிமிஷமும் விடாமல். தையல்காரி தலைகளை எண்ணினாள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். ஓடை இப்போது சலசலவென்று ஓடியது. ஒவ்வொரு சலசலப்புக்கும் அவள் குழாய் வாயைத் திரும்பிப் பார்த்தாள்.